காலையில் மட்டும் எழும்பாத கம்ப்யூட்டர்

திருச்சுழி மெயின் ரோட்டில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கடை. பட்டா, சிட்டா, வருமானச் சான்று, பென்ஷன் மனு என்று ஆன்லைனில் செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் வருவார்கள். இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். போன வருடம் புரட்டாசி கடைசியில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது.

காலையில் கடையைத் திறந்து பட்டனை அமுக்குவேன். உள்ளே காத்தாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மறுபடி அமுக்கினால் மறுபடி அரைச் சுற்று. பத்து தடவை, பதினைந்து தடவை அமுக்கிய பிறகு ஒரு வழியாக உயிர் வரும். வந்துவிட்டால் அன்று முழுக்க ஒரு குறையும் இருக்காது.

என் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறார். காலையில் போனால் மத்தியானம் சாப்பிடத்தான் வருவார். கம்ப்யூட்டர் எழும்ப மாட்டேன் என்கிறது என்று சொன்னதற்கு, சாப்பிட வந்தவர் அதை நிறுத்திவிட்டு ஒரு தடவை அமுக்கினார். உடனே ஓடியது.

"இந்தா, எனக்கு மட்டும் எப்பிடி எந்திரிக்குது? நீ அமுக்குறதுதான் சரியில்ல."

பட்டனை அமுக்குவதில் என்ன சரி, என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன்.

அருப்புக்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் ரிப்பேர் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜினை மூடியிருக்கும் மேடையில் வைத்துக்கொண்டேன். மடியில் வைத்தால் தொடை மரத்துப் போகும். ரிப்பேர்க்காரர் என்னைவிட நாலைந்து வயது சிறியவர், பொறுமைசாலி. வயரைச் செருகி அமுக்கினார். ஓடியது. நிறுத்தினார், அமுக்கினார், ஓடியது. ஆறு தடவை அப்படிச் செய்தார்.

"அக்கா, நல்லாத்தான இருக்கு?"

"காலையில எந்திரிக்க மாட்டேங்குது தம்பி. சத்தியமாச் சொல்றேன்."

வந்ததற்காக ராம் என்ற மெமரி அட்டையைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தார். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினார். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் கரண்டுப் பெட்டியைத் தனியாகக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கிளிப்பால் இணைத்தார். அதன் காத்தாடி சுற்றியது. "இதுலயும் கொறை இல்லக்கா" என்றார். வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அதே அரைச் சுற்று.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். அவர் கடையில் மறுபடி முதல் தடவையிலேயே ஓடியது. இந்தத் தடவை பட்டனையே மாற்றிக் கொடுத்தார். "உங்க வீட்டு கரண்டு லைன்ல ஏதோ கோளாறுக்கா, எர்த்த பாக்கச் சொல்லுங்க" என்றார். ஊரில் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து காட்டினேன். எர்த்தில் எந்தக் கோளாறும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் போனாலும் குறை இல்லை. என்னிடம் மட்டும்தான் அது குறையோடு இருந்தது. கொஞ்ச நாளில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அதனால் அதை நிறுத்துவதையே விட்டுவிட்டேன். இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்டு போனால் யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். அதற்குள் கரண்டு வந்துவிட வேண்டும் என்று, செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு அதன் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். உறவில் ஒரு கல்யாணத்துக்குக் காரியாபட்டி போய், பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தேன். நான் இல்லாத நேரத்தில் கரண்டு போய் அது நின்றுவிடுமோ என்ற பயம்தான்.

பயிர் காப்பீடு பதிய கடைசி நாளுக்கு முந்தின நாள், பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை என்று சொல்லி கரண்டை நிறுத்தினார்கள். மழையும் விடாமல் தூறியது. யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது. காத்தாடி நின்றபோது கடை பூராவும் அமைதியாகிவிட்டது. எத்தனை நாளாக அந்தச் சத்தத்தோடு இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாலையில் வர வேண்டிய கரண்டு நான் தூங்கிய பிறகுதான் வந்தது. மறுநாள் விடிந்தபோதும் மூட்டம்தான். கடை திறக்கும்போதே வாசலில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில், வி.ஏ.ஓ. கொடுத்த பயிர் அடங்கலும் பேங்க் பாஸ்புக்கும். அதில் ஒருவர் நரிக்குடிக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அக்கா. கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் போட்டிருந்தார். போன வருடம் பதியாமல் விட்டு, கதிர் வரும் நேரத்தில் பயிர் காய்ந்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

அமுக்கினேன். அரைச் சுற்று. இருபது வரை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். வேறு பிளக்கில் போட்டேன். என் பின்னால் ஐந்து பேரும் பையை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். கட்டைவிரல் நுனி வலித்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது.

நரிக்குடி அக்கா மெதுவாகக் கேட்டார். "தாயி, நான் எதுத்த கடைக்குப் போகட்டா? கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

ரோட்டுக்கு எதிரே இதே வேலைக்குக் கடை வைத்திருப்பவருக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவர் கடை திறந்தபோது வைத்த போர்டு, பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தால் என் போர்டை மறைக்கிறது. நகர்த்தி வைக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். நானும் சில வார்த்தைகள் சொல்லிவிட்டேன்.

"நில்லுங்கக்கா, நானும் வாரேன்" என்று எழுந்தேன். ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். அவர் கடையிலும் கூட்டம். என்னைப் பார்த்ததும் டைப் அடிப்பதை நிறுத்தினார்.

"என் சிஸ்டம் எந்திரிக்கல. இன்னைக்குக் கடைசி நாளு. இவுக தூரத்துல இருந்து வந்திருக்காக. நீங்க பதிஞ்சு குடுத்தாலும் சரிதான்."

அவர் தன் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரிடம் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஓரத்திலிருந்த இரண்டாவதின் மேல் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இதுல உக்காருங்க. மவுசு கொஞ்சம் ஒட்டும், அழுத்தித் தேய்க்கணும்" என்றார். போர்டு பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்று சர்வரும் தவழ்ந்துதான் வந்தது. ஐந்து பேருக்கும் பதிந்து முடிக்க மத்தியானம் மூன்றாகிவிட்டது. நரிக்குடி அக்கா ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிடாம உக்காந்திருக்கீக, போயி சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

என் கடைக்குத் திரும்பியபோது வானம் வெளுத்து, முன்னறைக்குள் வெயில் அடித்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கை வைத்தேன், சுட்டது. எந்த நினைப்பும் இல்லாமல் பட்டனை அமுக்கினேன். ஒரே தடவையில் ஓடியது.

அதைத் தூக்கி ரோட்டில் போடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் பட்ட சூடு என் கையில் இன்னும் இருந்தது. வீட்டுக்காரர் அமுக்கியது மத்தியானத்தில், அது காலையிலிருந்து ஓடிச் சூடேறிய பிறகு. ரிப்பேர் கடைக்குப் போனபோதெல்லாம் முக்கால் மணி நேரம் பஸ் என்ஜின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறது. காலையில் எழும்பாதது காலை என்பதால் இல்லை, குளிர்ந்து கிடப்பதால். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கோ, இதைக் கண்டுபிடிக்க இத்தனை வாரமா என்ற அலுப்புதான் வந்தது.

மறுநாள் பெட்டியோடு அருப்புக்கோட்டை போனேன். ரிப்பேர்க்காரர் வயரைக் கையில் எடுத்ததும் தடுத்தேன்.

"இப்ப போடாதீக தம்பி. இப்ப போட்டா ஓடும். பஸ்ஸுல வந்த சூடு. இங்கனயே இருக்கட்டும். நாளைக்குக் கடை தெறந்ததும் மொத வேலையா அமுக்கிப் பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எத்தனையோ பேர் எத்தனையோ கதை சொல்லிக் கேட்டவர். "சரிக்கா, இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை அடுப்படியில் இருந்தபோது போன் வந்தது.

"அக்கா, பத்து தடவ அமுக்கிட்டேன். எந்திரிக்க மாட்டேங்குது."

எந்தக் கடைக்காரரும் போன் செய்து சொல்ல விரும்பாத சேதி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நெசமாவா தம்பி?" என்று கேட்டேன்.

"நெசமாத்தான். வேற எஸ்.எம்.பி.எஸ். மாட்டுனேன், மொத தடவையிலேயே எந்திரிச்சிருச்சு. திரும்பப் பழசப் போட்டேன், படுத்துக்கிருச்சு. அதுதான்க்கா."

போனபோது பழையதைப் பிரித்து மேசையில் வைத்திருந்தார். உள்ளே சின்னச் சின்ன உருளைகளாக கண்டென்சர்கள். அதில் மூன்றின் தலை உப்பி, வெடித்த இடத்தில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. "உள்ள காஞ்சு போச்சுக்கா. சூடு ஏறுனா வேலை செய்யும், ஆறிட்டா செய்யாது. அன்னைக்கு நான் தனியா போட்டுப் பாத்தப்ப இது இழுக்க வேண்டிய லோடு எதுவும் இல்ல, அதான் காத்தாடி சுத்திருச்சு. நாந்தான் கவனிக்கல" என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

புது எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு ஊருக்கு வந்து வயர்களைச் செருகினேன். ஓடியது. சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் உப்பிய கண்டென்சர்களைப் பற்றிச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப நீ அமுக்குனது சரிதான்" என்றார்.

அவர் போன பிறகு, பல வாரங்களில் முதல் தடவையாக கம்ப்யூட்டரை முறையாக நிறுத்தினேன். கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தி, ஆட்கள் உட்காரும் பெஞ்சில் முந்தானையை விரித்துப் படுத்தேன். இருட்டும் வரை யாரும் எழுப்பவில்லை.