பீர்க்கம் பந்தலில் ஓர் ஆராதனை

எங்கள் சபையில் பாட்டு நடத்துகிறவன் நான். மாரண்டஹள்ளிக் கடைவீதியில் தையல் மெஷின் மிதிக்கிற எனக்கு யாரும் சங்கீதம் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டதுதான். ஞாயிற்றுக்கிழமை மைக் கைக்கு வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. பக்கத்து டீக்கடைக்காரர், "உங்க சாமிக்கு நல்லாத்தானே காது கேக்குது, எதுக்குங்க இந்தக் கத்து கத்தறீங்க?" என்பார். எனக்குக் கோபமே வராது. ஜனங்கள் சொல்வதைச் சேர்த்து வைத்துக்கொள்வதில் எனக்கு அப்படியொரு ஆசை.

ஒரு ஞாயிறு சபையில் பாதிப் பாய் காலி. வராதவர்களெல்லாம் தக்காளி பறிக்கப் போய்விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கில் ஒரு போடு போட்டேன்: "ஆறு நாளும் தோட்டம் உங்களுது. இந்த ரெண்டு மணி நேரம் ஆண்டவருது. இதுல கை வெக்காதீங்க!" வந்திருந்தவர்கள் ஆமென் என்றார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் காற்றோடு ஒரு மழை. மறுநாள் காலை ஆராதனை தொடங்கியது. முன்வரிசையில் எங்கள் சபைத் தங்கச்சி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் பீர்க்கன் போட்டிருக்கிறவள். புருஷன் ஓசூரில் கம்பெனி வேலை. அந்த வாரம்தான் முதல் பறிப்பு. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவளின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆஹா, என் பாட்டு வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு கட்டை ஏற்றினேன்!

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. அவளுடைய பக்கத்து நிலத்துக்காரர். எங்கள் சபைப் பக்கமே வராதவர், செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்று கத்தினார். "எம்மா! அங்க பந்தல் படுத்துக் கெடக்குது, நீ இங்க உக்காந்து பாடிக்கிட்டிருக்கிறியா?"

மேளம் நின்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியுங்கண்ணா. விடிஞ்சதுமே பாத்துட்டுத்தான் வந்தேன்."

"பாத்துட்டா வந்த? வெயில் ஏறுனா மடிஞ்ச கொடியெல்லாம் சுருண்டுரும். மத்தியானத்துக்குள்ள தூக்கலீன்னா இந்த வெள்ளாமை அவ்வளவுதான்."

அவள் என்னைக் காட்டினாள். "இந்த ரெண்டு மணி நேரத்துல கை வெக்கக் கூடாதுன்னு இந்த அண்ணன்தாங்க சொல்லிச்சு."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? "இன்னும் ரெண்டு பாட்டுதான்... முடிச்சிட்டு எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணி..." என்று இழுத்தேன்.

பாஸ்டர் எழுந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "ஜெபத்தப் போறப்பவே பண்ணிக்கலாம். எத்தன பேருங்க வேணும்?" என்று வந்தவரைக் கேட்டார்.

"முப்பது பேராவது வேணுங்க."

"நாங்க நாப்பது பேரு இருக்கறோம், நடங்க!"

வெள்ளைச் சட்டையும் பட்டுப்புடவையுமாக ஒரு சபையே வரப்பில் ஓடிய காட்சி! கீபோர்டு வாசிக்கிறவர் தோளில் கடப்பாரை. மூலையில் இழுத்துக் கட்டிய கம்பி அறுந்து கல்தூண் சாய்ந்து, பாதிப் பந்தல் காயோடு சேற்றில் கிடந்தது. ஆளுக்கொரு கவைக்கொம்பைக் கம்பிக்கு அடியில் கொடுத்து நின்றோம். "எல்லாரும் ஒண்ணாத் தூக்கணும். ஒருத்தரு முந்துனாலும் கொடி அறுந்துரும். பாட்டுக்காரரே, நீங்க கொரல் குடுங்க," என்றார் பக்கத்து நிலத்துக்காரர்.

குரல்தானே, என்னிடம் இல்லாததா! அடிவயிற்றிலிருந்து எடுத்து, "அல்லேலூயா!" என்றேன்.

பந்தல் தலை உயரம் எழும்பியது. அடுத்த நொடி பாதிப் பேர் கொம்பை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார்கள்! வாரா வாரம் நான் பழக்கிய பழக்கமாயிற்றே. பந்தல் அப்படியே எங்கள் தலைமேல் இறங்கியது. பாஸ்டர் வழுக்கையில் ஒரு பீர்க்கங்காய் பொத்தென்று விழுந்தது. கட்டைவிரல் தடிமனில் ஒரு கொடி படக்கென்று ஒடிந்தது.

"யாருங்க அது கைய வுட்டது? பந்தல வுட்டுப்போட்டு ஆகாசத்துக்குக் கை காட்டறீங்க!" என்று கத்தினார் பக்கத்து நிலத்துக்காரர்.

"பழக்கதோசமுங்க," என்றார் இலைக்குள்ளிருந்து ஒரு அத்தை.

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்தத் தங்கச்சி சிரிக்கவில்லை. ஒடிந்த கொடியைத் தொட்டுப் பார்த்தவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். "அண்ணா, நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் சொல்றேன்." எனக்கு அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுவரை தெரியாது. "தூக்கு... நில்லு... இன்னும் ஒரு சாண்... நில்லு!"

பந்தல் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, தலைக்கு மேலே போனது! பக்கத்து நிலத்துக்காரர் தூணை நிமிர்த்திக் கம்பியை முறுக்கும்வரை நாங்கள் தாங்கி நிற்க வேண்டியிருந்தது. பாஸ்டர் நின்ற இடத்திலேயே ஆசீர்வாத ஜெபத்தைத் தொடங்கினார். "யாரும் கண்ண மூடாதீங்க, கம்பியப் பாத்துக்கங்க," என்று இடையில் ஒரு சொல். பக்கத்து நிலத்துக்காரரோ, "மெதுவாப் பண்ணுங்க பாஸ்டரே, இன்னும் ரெண்டு சுத்து பாக்கி," என்றார்.

ஆராதனை என்றால் நம்மையே ஆண்டவருக்குக் கொடுப்பது என்று மைக்கில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் தோள்பட்டை கடுத்துக் கெஞ்சியபோதுதான் அது எனக்கு விளங்கியது. இரண்டு மணி நேரத்தை ஆண்டவருக்கு ஒதுக்கிவிட்டு, அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்பார் என்பதையும் நானே முடிவு செய்திருந்தேன். அவர் அந்தப் பந்தலடியில் நின்றிருந்தார் என்பதில் எனக்கு இன்றுவரை துளி சந்தேகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஓடினேன். நான் ஒடிய வைத்த கொடி மட்டும் வாடித் தொங்கியது. மற்ற இலைகளெல்லாம் விறைத்து நிமிர்ந்திருந்தன. பொழுது சாயச் சாய மஞ்சள் பூக்கள் விரிந்துகொண்டிருந்தன. பந்தலுக்கு அடியில் கூடை நிறையப் பிஞ்சும் காயுமாக அவள்.

"அண்ணா, அந்த ஒண்ணுதான் போச்சு! மத்ததெல்லாம் பொழச்சிக்கிச்சு!" என்று கத்தினாள். ஓசூரிலிருக்கிற புருஷனுக்கே கேட்டிருக்கும்.