ஏழு தரம் எழுதிய சபை வரலாறு

எங்கள் சபையின் வரலாற்றை நான் ஏழு தரம் எழுதினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் ஏன் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்றால், என் கையெழுத்து வடிவாம். கோப்பாயில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, ஓலைக் கூரை போட்ட சின்ன பப்டிஸ்ட் சபை. ஆண்டு விழாவன்று அதை நானே வாசிக்கவும் வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார்.

சிக்கல் முதல் வரியிலேயே தொடங்கியது. இந்தச் சபையில் முதன்முதல் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவர் யார்? தான்தான் என்றார் அப்பா. தான்தான் என்றார் அவருடைய தமையன், என் பெரியப்பா. இருவரும் ஒரே நாளில், ஒரே கிணற்றடித் தொட்டியில் இறங்கியவர்கள். அப்பாவின் பெயரை முதலில் எழுதினால் பெரியப்பா கிழித்தார். மாற்றி எழுதினால் அப்பா கிழித்தார். தன் பெயர் இரண்டாவதாக வந்தால் குடும்பத்தோடு சபையை விட்டே போய்விடுவதாக இருவரும் சொன்னார்கள். என் கையால் சபை உடையப் போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆறாவது தாளும் கிழிந்தபோது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முதலில் இறங்கியது இவர்கள் இருவருமே இல்லை, அன்னம்மாக்கா என்றார். சபைக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குபவர் அவர். ஆராதனையில் எல்லாருக்கும் பின்னால், வாசலோரம் தனியாகப் பாய் போட்டு இருப்பார். ஓடிப்போய்க் கேட்டேன். கூட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்:

“ஓம் பிள்ளை, நான்தான். பிறகு தொட்டித் தண்ணியை முழுக்கத் திறந்துவிட்டிட்டு, புதுத் தண்ணி இறைச்சு நிரப்பினவை. அதுக்குப் பிறகுதான் உன்ரை கொப்பரும் பெரியப்பரும் இறங்கினவை. எழுதுறதெண்டால் அதையும் எழுது.”

எனக்குப் பெரிய நிம்மதி. இனிச் சண்டைக்கு இடமில்லை. தண்ணீர் கலங்கியிருக்கும், மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்றையும் விடாமல் ஏழாவது தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவில் உரத்து வாசித்தேன்.

தண்ணீர் மாற்றிய வரிக்கு வந்ததும் அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாக எழும்பினார்கள். பிள்ளைக்கு யாரோ பிழையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். ஓம், ஓம் என்றார் மற்றவர்.

“பிள்ளை வாசிச்சது சரி” என்றார் அன்னம்மாக்கா, வாசலில் இருந்தபடி.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். பாட்டு முடியுமுன்னே அன்னம்மாக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனும் தம்பியும் அன்று ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள். இருவரையும் சேர்த்துவைத்தது நான்தான் என்று எனக்குப் பெருமை. அடுத்த சனிக்கிழமை கூட்டுவதற்கு அன்னம்மாக்கா வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. எழுதவும் நான், கூட்டவும் நானா? ஒரு காய்ச்சலுக்கு இத்தனை நாளா படுப்பது என்று, அவரைத் திட்டித் திட்டியே கூட்டினேன்.