டோரிஸ் ஆன்ட்டியின் உருவாஞ்சுருக்கு

"மொதல்ல இதச் சொல்லுங்க தம்பி. உருவாஞ்சுருக்குன்னா, இழுத்தா அவுருமா, இறுகுமா?"

மாடி போர்ஷனுக்கு வாடகை கொடுக்கப் போன என்னிடம் டோரிஸ் ஆன்ட்டி கேட்டார். எனக்கு ஷூ லேஸ் தவிர வேறு முடிச்சு தெரியாது என்றேன். ஏமாற்றத்தோடு பார்த்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரையும் அவர் விடுவதில்லை. துப்பட்டா நுனியில் போட்டுக்காட்டி, "இஸ்கோ க்யா போல்தே?" என்று அதற்குப் பெயர் கேட்டார். சிலிண்டர்காரர் "ஜாருமுடி" என்றார். தெலுங்கில் ஜாருவது என்றால் வழுக்குவதாம். வழுக்கி அவிழுமா, வழுக்கி இறுகுமா? "நாக்கு தெலீதம்மா", தனக்குத் தெரியாது என்று நழுவிவிட்டார்.

பேகம்பேட்டில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடும் ஆன்ட்டி, பேச்சிலும் நடையிலும் வேகம். சொந்த ஊர் வேலூர். கணவர் ஜெயகரன் அங்கிள் ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். இத்தனை வருடக் குடித்தனத்தில் இருவரும் அந்தச் சொல்லை எதிரெதிர் அர்த்தத்தில் சொல்லிவந்திருக்கிறார்கள். போன மாதம்வரை இருவருக்கும் அது தெரியாது.

அன்று அவர்களுடைய நாய் பாதாமின் கழுத்துப்பட்டை அறுந்துவிட்டது. குளியலறையிலிருந்து ஆன்ட்டி, "உருவாஞ்சுருக்கா போட்டு கட்டுங்க!" என்று கத்தினார். அங்கிள் கயிற்றில் சுருக்கு வைத்து நாயின் கழுத்தில் மாட்டி, மறுமுனையை கேட்டில் கட்டினார். பூனையைக் கண்டு பாதாம் பாய்ந்தது. கயிறு இறுகி, கண் பிதுங்கி, நாக்கு வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டு ஹர்ஷிதா காய் நறுக்கும் கத்தியோடு ஓடிவந்து அறுத்திருக்காவிட்டால் பாதாம் இன்று இல்லை.

"நீ சொன்னதத்தான செஞ்சேன்? இறுகணும்லா, அதுக்குத்தான அது சுருக்கு!"

"இழுத்தா உருவிக்கினு வரணும், அதான் உருவாஞ்சுருக்கு!"

ஒரே சொல்லில் அங்கிள் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார், ஆன்ட்டி முன்பாதியை. இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஜெயிப்பதற்காகத்தான் ஆன்ட்டி ஊரெல்லாம் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் கவனித்தேன். யாராவது "அவிழும்" என்றால் பேசாமல் இருந்துவிடுவார். "இறுகும்" என்றால் மட்டும், "என்னங்க, கேட்டீங்களா? இவரும் உங்க கட்சி!" என்று உள்ளே குரல் கொடுப்பார். கயிறு இறுகிய அன்றிலிருந்து அங்கிள் பாதாமைத் தொடுவதே இல்லை. அது வாலாட்டிக்கொண்டு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

போன ஞாயிறு சர்ச்சுக்குப் போய் வந்ததும் ஆன்ட்டி புதுக் கயிற்றை அவரிடம் நீட்டினார்.

"எனக்கு நக்கோ, வேண்டாம் டோரிஸ். நீயே கட்டு."

"நீங்கதான் கட்டணும்."

"எந்த முடிச்சு?"

"பேரே வாணாம். உங்க கைக்கு வர்றதப் போடுங்க."

சொல்லிவிட்டு, வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு, தன் மணிக்கட்டை நீட்டினார். அங்கிள் அதைச் சுற்றி ஏதோ ஒரு முடிச்சைப் போட்டார். பிறகு ஆன்ட்டியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்ல, மிக மெல்ல, இழுத்துப் பார்த்தார்.