பிரஷர் பார்க்க வந்தவர்

மாமனாருக்கு பிரஷர் பார்க்க மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அவர். ஒல்லியான பெண், வெயிலில் கறுத்த முகம். எதையும் நோட்டில் எழுதும் முன் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்.

ஒரு சமயம் சில மாதங்கள் நான் குளிக்காமல், தலை வாராமல் உள்ளறையிலேயே கிடந்தேன். என்னை நானே ஏதாவது செய்துகொள்வேனோ என்று பயமாக இருந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அப்படி பிரஷர் பார்க்க வந்த ஒருநாள் அவர் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, செத்துடலாம்னு தோணுதுங்களா?"

"ஆமாங்க" என்றேன். சொன்ன பிறகு பயம் இன்னும் கூடியது.

அவர் புத்தி சொல்லவில்லை. கணவர் வரும்வரை கூடவே இருந்தார். பயிருக்கு அடிக்கிற மருந்தையெல்லாம் அன்றே பங்காளி வீட்டுக்கு மாற்றச் சொன்னார். மறுநாள் எங்களோடு அரூர் பஸ்ஸில் வந்து, மனநல டாக்டரிடம் காட்டினார்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. அதுவரை தினமும் காலையில் அவரிடமிருந்து போன் வரும்.

"எந்திரிச்சிட்டீங்களாக்கா? மூஞ்சி மட்டும் கழுவிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

சில நாள் அதற்கே அரைமணி நேரம் ஆகும். அவர் போனை வைத்ததில்லை.

தேறிய பிறகு ஒருநாள் கேட்டேன். "அன்னிக்கு அப்படிக் கேக்க உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"பயமாத்தாங்க்கா இருந்துச்சு. ஆனா, கேக்காம திரும்பி வந்த வூடு ஒண்ணு இருக்குதுங்க."

அது யார் வீடு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.