பொன்னுத்தாய் பேரில் ஒரு மில்

மிளகாய்த் தரகு என்பது தும்மிக்கொண்டே விலை பேசுகிற தொழில். பங்கு வாங்குவதில் தும்மல் கிடையாது, கண்ணில் தண்ணீர் மட்டும் அதேபோல் வரும். இரண்டிலும் நின்று பார்த்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கையில் நாலு காசு சேர்ந்த பிறகுதான் தூக்கம் கெட்டது என்று புலம்புகிற கூட்டாளிகளே, இது உங்களுக்குத்தான்.

விருதுநகர் பஜாரில் நான் சரக்கு அடுக்க வாடகைக்கு வைத்திருந்த கிட்டங்கியை விற்கப்போவதாக அதன் சொந்தக்காரர் தவசிலிங்கம் அண்ணாச்சி சொல்லிவிட்டார். மூட்டை தூக்க வந்த நான் தரகனாக நிமிர்ந்தது அந்தக் கிட்டங்கி வாசலில். வருகிற மிளகாய் சீசன் முடிவதற்குள் முழுப் பணம் கட்டினால் எனக்கு, இல்லாவிட்டால் எதிர்க்கடைக்காரனுக்கு. என்னிடம் இருந்தது முக்கால்வாசி. மீதியைப் பங்கு வாங்கிச் சம்பாதித்துவிடலாம் என்று ரயிலில் ஒரு பருத்தி வியாபாரி சொன்னார். அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். யோசனை என்னோடு விருதுநகர் வரை வந்து இறங்கியது.

துண்டுக்குள் போட்ட கை

எங்கள் பஜாரில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, விரல் முட்டியை அமுக்கினால் வேறு கணக்கு. சுற்றி நிற்கிறவர்களுக்கு எங்கள் முகம்தான் தெரியும், விலை தெரியாது. இந்த வித்தையில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று எனக்குப் பேர். என் வாய்க்குப் பயந்து விரலை விட்டவர்களும் அதில் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மதுரையில் பங்குத் தரகர் சேஷாத்ரி சாருடைய ஆபீசுக்குப் போய், நம் பக்கத்து நூல் மில் ஒன்றின் பங்கு என்ன விலை என்று கேட்டேன். அவர் விலையை வாயாலேயே சொன்னார், குமாஸ்தா காதில் விழும்படி. எனக்குக் கூச்சமாகிவிட்டது. தோளில் கிடந்த துண்டை அவர் கைமேல் போட்டு, உள்ளே என் கையை விட்டு, ஒரு விரல் குறைத்துப் பிடித்தேன். மனிதர் பதறிக் கையை இழுத்தார். நான் விடவில்லை. குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டான். பிறகு விஷயத்தை விளக்கினேன். இது காலையில் மெட்ராஸிலிருந்து தந்தியில் வந்த விலை, குறைக்கிற அதிகாரம் தனக்கு இல்லை என்றார் அவர். அப்படியானால் விலை சொன்னவன் விலாசத்தைக் கொடும், நான் பேசிக்கொள்கிறேன் என்று குரலை உயர்த்தினேன். சேஷாத்ரி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"தனியா ஒருத்தர் சொன்ன விலை இல்லீங்க இது. வாங்க வந்தவன், விக்க வந்தவன் எல்லாருமாச் சேந்து சொன்னது. யார் கைமேலே துண்டு போடுவீங்க?"

முகர்ந்து பார்த்த பத்திரம்

அந்தக் கேள்வி ஊர் வந்து சேரும்வரை என்னை விடவில்லை. பம்பாயிலும் மெட்ராஸிலும் முகம் தெரியாத ஆயிரம் பேர் ஒரே துண்டுக்குள் கையை விட்டிருக்கிறார்கள். அத்தனை விரலும் சேர்ந்து ஒரு விலையைப் பிடித்திருக்கிறது. நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. மறுவாரமே போய் வாங்கினேன். பங்கு என்றால் வேறொன்றுமில்லை. ஒரு மில்லைச் சின்னச் சின்னக் கூறாகப் போட்டு விற்கிறார்கள். நம் கூறுக்கு உள்ள லாபம் நமக்கு, நஷ்டமும் நமக்கு. பணத்தில் பாதிக்குமேல் என் வீட்டுக்காரி பொன்னுத்தாயின் பணம். சாத்தூர்ப் பக்கம் அவள் அப்பா கொடுத்த கரிசல் காட்டை விற்றது. தவிர, மிளகாய்த் தரகன் பேரில் சொத்து இருந்தால் என்றைக்கு எவன் ஜப்தி கொண்டுவருவான் என்று சொல்ல முடியாது. ஆகவே பங்கை அவள் பேரில் வாங்கினேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

வாங்கும்போது சரக்குக்கு மாதிரி காட்டச் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்து ரிஜிஸ்தர் தபாலில் பத்திரம் வந்தது. கெட்டிக் காகிதம், ஓரமெல்லாம் கொடிவேலை, அடியில் தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிற முத்திரை. பழக்கதோஷம், முகர்ந்து பார்த்தேன். மை வாசம்தான். இதற்குள் ஒரு மில்லின் கூறு இருக்கிறது, சங்கு ஊதுகிறது, ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று நம்ப முடியவில்லை. சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் சிநேகிதன் காளிராஜனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் லட்சக்கணக்கில் அடிக்கிறவன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், கொடிவேலையை நகத்தால் சுரண்டினான். இந்தத் தாளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் மாறிப்போனது.

"அம்புட்டு ரூவாயா? சொல்லியிருந்தா நான் மூணு கலர்ல அடிச்சுத் தந்திருப்பேனே, அண்ணாச்சி."

உட்கார இடமில்லாத புருஷன்

வருஷத்துக்கு ஒருநாள் பங்குதாரர் கூட்டம் போடுவார்கள். அழைப்பு பொன்னுத்தாய் பேருக்கு வந்தது. அந்தக் கம்பெனிக்கு முன்னால் அவள் பேருக்குத் தபாலே வந்ததில்லை. அழைப்போடு வந்த அறிக்கையை மூன்றாம் வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டு வரிவரியாகப் படித்துச் சொல்ல வைத்தாள். கூட்டத்தன்று நான் ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். வாசலில் நின்றவர் பங்குதாரர் யார் என்று கேட்டார். அவளைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் எவ்வளவு சத்தம் போட்டும், புருஷன் என்பதற்காகப் பின்சுவர் ஓரம் நிற்க இடம் கொடுத்தார்கள்.

மேடையில் மில் முதலாளி. அவருடைய கார் வந்தால் எங்கள் மாட்டுவண்டிகள் ஓரம் கட்டும். யாராவது கேள்வி கேட்கலாம் என்றதும் பொன்னுத்தாய் எழுந்துவிட்டாள். புது மெஷின் வாங்கப் பணம் ஒதுக்கியிருப்பதாகப் போட்டிருக்கிறீர்களே, அது எப்போது வரும் என்று கேட்டாள். கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். மிளகாய்த் தரகன் பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல அந்த மனிதர் எழுந்து நின்றதை இன்றைக்கும் பஜாரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"கப்பல்ல வந்துக்கிட்டிருக்கும்மா. பூட்டி முடிச்சதும் சொல்லி அனுப்புறோம், வந்து பாருங்க. உங்க மெஷின்தானே."

டீக்கடைப் பத்திரிகை

கார்த்திகையில் பங்கு விலை இறங்க ஆரம்பித்தது. பருத்தி விலை ஏறிவிட்டது, நூல் தேங்கிக் கிடக்கிறது என்று பேச்சு. பஜார் டீக்கடையில் பத்திரிகையின் பொடி எழுத்துப் பக்கத்துக்கு நான் ஒருவன்தான் வாசகன். தினமும் கொஞ்சம் இறங்கியது. மிளகாய் விலை இறங்கினால் காரணமானவன் எதிரே நிற்பான், சட்டையைப் பிடிக்கலாம். இங்கே யார் சட்டையைப் பிடிக்க? பத்திரிகையைக் கசக்கி எறிந்தேன். கடைக்காரன் அதற்குக் காசு வாங்கிக்கொண்டான். மார்கழியில் முக்கால்வாசிப் பணம் அரைவாசி ஆகிவிட்டது. எதிர்க்கடைக்காரன் கிட்டங்கிக்குள் வந்து, கேட்காமலே சுவரின் நீளத்தைக் காலால் அளந்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே மதுரைக்கு ஓடினேன். இருக்கிற விலைக்குத் தள்ளிவிடும் என்று சேஷாத்ரி சாரிடம் கத்தினேன். அவர் ஒரு அச்சுப் பாரத்தை எடுத்து நீட்டினார். விற்பவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. விற்பவர் நானில்லை, பொன்னுத்தாய். நான்தான் போட்டுவிடுகிறேனே, அவளுக்கு வேறே எனக்கு வேறேயா என்றேன். கம்பெனியில் அம்மாவின் கையெழுத்தை முதலிலேயே வாங்கி வைத்திருக்கிறார்கள், அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மாற்றுவார்கள் என்றார். அன்றைக்கு எழுந்து நின்ற அதே குமாஸ்தா, இந்தத் தடவை உட்கார்ந்தபடியே சொன்னான்:

"நீங்க சரக்குக்கு மாதிரி கேட்டீங்கல்ல, அண்ணாச்சி. கம்பெனியும் கேக்குமில்ல."

மெஷின் வரட்டும்

பாரத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். பொன்னுத்தாய் அரிவாள்மணையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மெஷின் இன்னும் வரவில்லையே என்றாள். விலை இறங்குகிறது என்றேன். மில்லை மூடிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை. மெஷின் வராது என்று சொல்லிவிட்டார்களா? அதுவும் இல்லை. பிறகு எதற்காக விற்க வேண்டும் என்றாள். பயமாக இருக்கிறது என்று ஒரு புருஷன் எப்படிச் சொல்வான்? கத்தினேன். காடு பச்சையாக நிற்கும்போது பாதியில் அறுத்துப் போட எங்கள் ஊரில் ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தாள். நான் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். அவள் இலை போடுவதை நிறுத்தவில்லை.

பொங்கல் கழிந்து தவசிலிங்கம் அண்ணாச்சி ஞாபகப்படுத்த வந்தார். எங்கள் வீட்டுச் சத்தம் தெருமுனையிலேயே அவர் காதில் விழுந்திருக்கிறது. திண்டாட்டத்தை நானே ஒளிக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். காப்பியைக் குடித்து முடித்தார்.

"சீசன் முடியுற மட்டுந்தான் தவணை சொன்னேன் தம்பி. உங்க சண்டை முடியுற மட்டும்னு சொல்லலை."

கதிர்கள்

மாசியில் மில்லிலிருந்து ஒரு கார்டு வந்தது. மெஷின் பூட்டியாகிவிட்டது, விரும்பினால் வந்து பார்க்கலாம். பஸ்ஸில் அவள் முன் ஸீட்டில், நான் கடைசி ஸீட்டில்.

கதவைத் திறந்ததும் சத்தம் வந்து முகத்தில் மோதியது. நீளமான கூடம், கண்ணுக்கு எட்டியவரை வரிசை வரிசையாக நூல் நூற்கும் கதிர்கள். ஒவ்வொன்றும் நிற்கிறதா சுற்றுகிறதா என்றே தெரியாத வேகம். ஒரு பக்கம் பஞ்சு மேகம் மாதிரி உள்ளே போகிறது. மறுபக்கம் மயிரிழை நூலாகி வருகிறது. என் ஆயுளில் எந்தச் சரக்கைப் பார்த்தாலும் முதலில் மனசு விலை போடும். அன்றைக்குப் போடவில்லை. அந்தச் சத்தத்தில் பேரம் பேசவும் முடியாது, கோபப்படவும் முடியாது. வாயைத் திறந்தபடி நின்றேன். வாய்க்குள் பஞ்சு போனது. பொன்னுத்தாய் ஒரு கதிருக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்தினாள். அவள் விற்ற காடும் பருத்திக்காடுதான். இதில் நம்முடையது எது என்று, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்த தொழிலாளியின் காதில் கத்திக் கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே திருப்பிக் கத்தினார்:

"தனியாக் காட்ட முடியாதுங்க. எது நின்னாலும் உங்களுக்கு நஷ்டம், எனக்குத் திட்டு."

கிரயம்

புது மெஷின் ஓடுகிற சேதி பரவியது, நூலும் நகர்ந்தது. பங்குனியில் விலை வாங்கின இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. ரயில் மனிதர் சொன்னதுபோல் மீதிக் கால்வாசியும் லாபமாக வரவில்லை. அவள் தானாகவே பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். சில பங்குகளை மட்டும் விற்காமல் நிறுத்திக்கொண்டாள். அந்த சீசன் தரகு நன்றாகவே கைகொடுத்தது. அப்படியும் குறைந்த பாக்கியைத் தவசிலிங்கம் அண்ணாச்சியின் சுண்டுவிரலைத் துண்டுக்கு அடியில் விடாமல் பிடித்துக் குறைத்தேன். ரொக்கத்தோடு நிற்கிறவன் பிடிக்கிற பிடியே தனி. எதிர்க்கடைக்காரன் தன் கடை வாசலில் நின்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது.

பணம் அவள் பங்கு விற்று வந்தது, ஆகவே கிட்டங்கிப் பத்திரமும் அவள் பேரில். ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து நேரே கிட்டங்கிக்கு வந்தோம். உள்ளே போனதும் தும்மினாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டாள். வாடகை பேசுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தவசிலிங்கம் அண்ணாச்சிக்குக் கொடுத்த வாடகையைப் பிடித்தேன். அவள் ஒரு விரல் கூட்டிப் பிடித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்:

"இது நான் ஒருத்தி சொல்ற விலை. யாரு சொன்னதுன்னு கேட்டு நீங்க மதுரைக்குப் போக வேண்டாம்."

ஆக, பங்கு வாங்கப்போகும் கூட்டாளிகளே, அடுத்த சீசனுக்கு வேண்டிய பணத்தை அதில் போடாதீர்கள், போட்டே தீருவேன் என்றால் யார் பேரில் போடுகிறோம் என்பதை, வாடகை பேசப்போகும் நாளையும் மனதில் வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.