டிக்கெட் எடுத்த பெண்

"உங்க வீட்ல கையெழுத்துப் போடக்கூடத் தெரிஞ்சவங்க இல்லேங்கிற. நீ வசனம் எழுதுவியாம்மா?" என்று முதல் நாளே கேட்டார் இயக்குநர்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். அதை மறைத்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை. "எழுதிக் காட்டறேன் சார்" என்றேன். காட்டினேன்.

படம் ஒரு பாசஞ்சர் ரயிலைப் பற்றியது. டிக்கெட் விற்காததால் அதை நிறுத்தப் போகிறார்கள். ஊர் சேர்ந்து காப்பாற்றப் பார்க்கிறது. சின்ன முதலீடு, புதுமுகங்கள். நான் எழுதியதில் ஒரு காட்சியின் மேல்தான் எனக்கு உயிர். அதில் வரும் பெண் என் அம்மா.

அம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். லால்குடிப் பக்கமிருந்து ரயிலில் வந்துபோகிறாள். டிக்கெட் இல்லாமல் ஏறமாட்டாள். ஓசியில் வரும் ஆபீஸ்காரர்களுக்கு அது வேடிக்கை.

"என்னக்கா, ரயிலையே வெலைக்கு வாங்கிட்டீங்க போல?"

"நீங்கதான் டிக்கெட்டே வாங்கறதில்லையே. நானாவது வாங்கறேன்."

இந்தப் பேச்சை அப்படியே எழுதியிருந்தேன். அந்த ரயில் ஏன் நொடித்தது என்பது படத்தில் வேறெங்கும் இல்லை.

படப்பிடிப்பு தொடங்கியபோது காட்சி மாறியிருந்தது. பாத்திரம் தேய்க்கும் பெண் டிக்கெட் இல்லாமல் பிடிபடுகிறாள். பரிசோதகர் காலில் விழுகிறாள். சிங்கப்பூரிலிருந்து வந்த கதாநாயகன் அபராதம் கட்டி அவளைத் தூக்கிவிடுகிறான்.

"ஏன் சார் மாத்தினீங்க?"

"அப்பதாம்மா ஜனங்க அழுவாங்க. அந்த மாதிரிப் பொம்பள டிக்கெட் எடுக்கும்னா எவன் நம்புவான்?"

"எங்கம்மா எடுக்கறாங்க சார்."

"சரி, சரி. அவங்க கிழிஞ்ச சேலை ஏதாவது இருந்தா நாளைக்கு எடுத்துட்டு வா. நடிக்கிற பொண்ணு கட்டியிருக்கிறது ரொம்பப் பளபளன்னு இருக்கு."

அம்மாவிடம் சொன்னேன். "வேலைக்குப் போறவ கிழிசலை யாருடி கட்டுவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வெறுங்கையோடு போனேன். சின்னக் கேமராவோடு எல்லோரும் திருச்சியில் ரயிலேறினார்கள். டிக்கெட் எடுத்தாயிற்றா என்று தயாரிப்பு நிர்வாகியிடம் கேட்டேன்.

"நாம இந்த ரயிலைக் காப்பாத்த வந்தவங்கம்மா. நமக்கே டிக்கெட்டா?"

பெட்டியே சிரித்தது. இயக்குநர் சத்தமாகச் சிரித்தார். பிரியாணி தின்ற பொட்டலங்களை சீட்டுக்கு அடியில் காலால் தள்ளினார்கள். ஒருவர் எண்ணெய்க் கையை ஜன்னல் கம்பியில் துடைத்தார். அந்த நாற்றத்துக்கு நடுவில் நின்று கதாநாயகன், "இது நம்ம ரயில்! இதை விட்டுக்கொடுக்க மாட்டோம்!" என்று வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இயக்குநரிடம் போனேன்.

"என் பேரை எடுத்துடுங்க சார்."

"மொதப் படம்மா. பேரு வந்தாத்தானே நாலு பேர் கூப்பிடுவாங்க?"

"எங்கம்மாவைக் கால்ல விழ வெச்ச படத்துல வேண்டாம் சார்."

ஸ்ரீரங்கத்தில் இறங்கிவிட்டேன். படம் முடிந்து எங்கெங்கோ திரையிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நான் பார்க்கவில்லை.

திருச்சி கே.கே. நகரில் கல்யாண வீடியோ எடுக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் என் காட்சியைப் படித்துக் காட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் பின்புறம், அண்டாக்கள் கவிழ்த்திருக்கும் இடத்தில், எங்கள் படத்தின் முதல் காட்சியை எடுத்துவிட்டோம்.