டீ சேராது

காபியா டீயா என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு முகம் சுண்டிப்போகிறது. எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் காபிதான். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க அம்மாவின் டிகாக்‌ஷன் வாசனை பக்கத்து பிளாக் வரைக்கும் போகும். அப்பா ஓய்வு பெற்று, திருமுல்லைவாயிலில் வீடு வாங்கிக் குடிபோனபோதும் மூட்டையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஃபில்டர்தான். எனக்கோ டீ. அதுவும் கடை டீ. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குக் காலையில் ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ வரும். எனக்கும் பக்கத்து மேஜைத் தோழிக்கும் அது வந்தால்தான் கண்ணே திறக்கும்.

"இன்னாடி, ஊட்ல காபி, இங்க டீயா? ரெண்டு கட்சியிலயும் கீற நீ" என்று என்னைக் கலாய்ப்பாள்.

அவள் வீடு திருமழிசையில். போன வருடம் அம்மா அங்கே பெருமாள் கோயிலுக்குப் போகவேண்டும் என்றபோது இவளிடம் வாய்விட்டுவிட்டேன். "கோயில் வரைக்கும் வந்துட்டு எங்க ஊட்டுக்கு வராம போனீன்னா பேசவே மாட்டேன்" என்றாள். எனக்கும் ஆசைதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாவுக்குத் தலைவலி. எதிரே ஒரு கடை. "இங்கெல்லாம் காபி வாயில வைக்க முடியாது, டீயே சொல்லு" என்றாள். ஒரு கிளாஸ் டீயை முழுசாகக் குடித்தாள். பிறகு சாமி கும்பிட்டோம், புளியோதரை வாங்கிச் சாப்பிட்டோம், தோழியின் வீட்டுக்குப் போனோம்.

புதிதாகக் கட்டிய வீடு. அவள் அம்மா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். "வாக்கா, உக்காருக்கா" என்று என் அம்மாவை உட்காரவைத்து ஃபேனைத் தட்டிவிட்டு, அடுப்பில் டீயும் வைத்துவிட்டார். அம்மா தேனொழுகக் கேட்டாள்: "நீங்க ரொம்ப நாளா இந்தத் தெருவுலதானா?"

"இல்லக்கா, முன்ன கொளத்துக்கு அந்தாண்ட இருந்தோம். நானு, எங்க ஊட்டுக்காரரு, அல்லாம் நெலத்துல கூலிக்குப் போனவங்கதான். இப்ப நான் இங்கியே ஒரு கம்பெனில பேக்கிங் பண்றேன்."

"அப்படியா" என்றாள் அம்மா.

அந்த 'அப்படியா' எனக்குத் தெரியும். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் யாரையும் சாதி என்னவென்று கேட்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம். தெருவைத்தான் கேட்பார்கள்.

டீ வந்தது. "ஐயோ, எனக்கு டீ சேராதுங்க. காபிதான் பழக்கம்" என்றாள் அம்மா.

அந்த அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. "அதுக்கு இன்னாக்கா, தோ வந்துர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் தெருமுனைக் கடைக்குப் போனார். அம்மா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழி என்னைப் பார்த்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் டீ குடிச்சியேம்மா என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன். தலையைக் குனிந்து என் டீயைக் குடித்தேன்.

காபித்தூள் பாக்கெட்டோடு வந்தவர், புது எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்க ஆற்றிக்கொண்டு வந்து நீட்டினார். அம்மா கையை நீட்டவில்லை. "கோயில்ல சாப்பிட்ட புளியோதரை நெஞ்சுலயே நிக்குதுங்க. தப்பா நினைக்காதீங்க."

டம்ளரைப் பிடித்தபடி அந்த அம்மா நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குக் குடுங்கம்மா" என்று பிடுங்காத குறையாக வாங்கி, மடமடவென்று குடித்தேன். நாக்கு பொத்துப்போனது. மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. உண்மையில், நான் அப்படிப் பறந்து குடித்ததுதான் இங்கே என்ன நடக்கிறது என்பதை அவருக்குப் புரியவைத்தது என்று நினைக்கிறேன். அவர் முகம் மாறியது. "பரவால்ல, புள்ளையாவது குடிச்சிச்சே" என்று காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "வரும்போது டீ குடிச்சியேம்மா?"

"அது கடை" என்றாள் அம்மா. கொஞ்ச தூரம் போனதும், "நல்ல மனுஷி, பாவம், வெயில்ல ஓடினாங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், வீட்டில் நிம்மதி போய்விடும். என் தைரியம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆபீஸில் தோழி எப்போதும்போல எனக்கும் டீ ஊற்றிவைத்தாள். வேலை, சம்பளம், மேனேஜர் என்று எல்லாம் பேசினாள். ரெண்டு கட்சி என்று மட்டும் அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். எடுத்த வாயில் டீயைத்தான் ஊற்றிக்கொண்டேன்.

போன மாதம் அவள் தன் கல்யாணப் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு அவளை நிஜமாகவே பிடிக்கும். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை என்ன செய்கிறார், புடவை எங்கே எடுத்தீர்கள் என்றெல்லாம் விசாரித்தாள். எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தாள்.

"காபியாம்மா, டீயா?"

"டீ சேராதுங்க ஆன்ட்டி" என்றாள் தோழி.

"அப்போ காபி போடறேன்."

"அதுவும் சேராதுங்க." சிரித்த முகமாகத்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று காலையில்கூட எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவள்.

அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். "கண்டிப்பா வரணும்" என்றாள். மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே என்னிடமும் சொன்னாள்.

உள்ளே வந்தபோது அம்மா காபியைக் கலந்துகொண்டிருந்தாள். "நல்ல பொண்ணு. இந்த வயசுலயே ஒண்ணும் சேரலைங்குது பாரு" என்று அங்கலாய்த்தாள். "பால் காய்ஞ்சிடுச்சு, வீணாப் போகும். நீயாவது குடி."

டம்ளரை நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன்.